விழுந்து கிடக்கும்போது வரும் இசை

"அந்தப் பாட்டுக்குக் கீழ என் பேரைப் போடுங்க. நயேலி சாமரிபா. எழுத்துப் பிழை இல்லாம."

ஒலிப்பிரிவின் தலைவரிடம் சொல்லிவிட்டேன்.

டாலஸில் இந்த வீடியோ கேம் நிறுவனத்துக்கு வேலைக்கு வந்த முதல் நாளே கூட வேலை செய்கிறவர்கள் எச்சரித்திருந்தார்கள். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், பெயர் மட்டும் கேட்காதே. இசையமைப்பாளர் வெளியாள். அவர் அனுப்புவதை கேமுக்குள் பொருத்துவதுதான் உன் வேலை. படத்தை மாட்ட ஆணி அடிப்பவர் படத்தில் கையெழுத்துப் போடுவதில்லை.

லாரெடோவிலிருந்து அம்மாவும் போனில் அதையேதான் சொன்னாள். "வாயை மூடிட்டு இருடி. நம்ம குடும்பத்துல காலேஜ் முடிச்சவ நீ ஒருத்திதான்."

முடித்தவள் எதற்காக வாயை மூட வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எங்கள் கேம் நாலு பேர் சேர்ந்து ஆடுவது. சுட வேண்டும், செத்தவன் போட்டுவிட்டுப் போகிற துப்பாக்கியையும் கவசத்தையும் அள்ள வேண்டும். அடிபட்டு விழுந்தால் தானாக எழ முடியாது. கூட்டாளி ஓடி வந்து தூக்க வேண்டும். அவர் நெருங்கும்போது மட்டும் ஒரு மெட்டு வரும்.

எட்டே ஸ்வரம். தனியாக ஆடுகிறவர்கள் அதைக் கேட்கவே முடியாது.

அந்த இடத்துக்கான இசை நேரத்துக்கு வரவில்லை. அதுவரை இருக்கட்டும் என்று நான் ஒன்றைச் செய்து போட்டுவைத்தேன். இந்தத் தொழிலில் அது வழக்கம். போட்டதை எடுக்க மறந்து கேமை வெளியிடுவதும் வழக்கம்தான்.

இப்போது அதைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று விழுகிறார்கள். கல்யாண வீடியோவில் சேர்க்கிறார்கள். கேமின் இசைத்தொகுப்பில் அது பதினோராவது பாட்டு. கீழே இசையமைப்பாளரின் பெயர்.

ஒலிப்பிரிவின் தலைவர் கிர்பி கத்துவார் என்று நினைத்தேன். திருப்பிக் கத்துவதற்கு மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன.

அவர் சிரித்தார்.

"அப்பாடா, நீயே வந்துட்டியா தாயே! நாங்களே உன்னைக் கூப்பிட இருந்தோம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சட்டப் பிரிவிலிருந்து கோர்ட்னி வந்தார். இரண்டு வருடமாக என் பெயரைக் கொத்திக் குதறியவர், இன்று அம்மா கூப்பிடுவதுபோல அச்சாகச் சொன்னார். ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர் வேறு எனக்கு.

"அது தன்னோடது இல்லன்னு இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்துட்டார். அஞ்சு மணி அப்டேட்லயே உன் பேர் வந்துடும். ஒரே ஒரு கையெழுத்துதான்."

இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருடம் பல்லைக் கடித்தேன்? கொண்டுவந்த கோபத்தை எங்கே இறக்கி வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

தாளைப் படித்தேன். 'இந்த மெட்டு முழுக்க என் சொந்தக் கற்பனை. வேறு யாரிடமும் கேட்டது அல்ல.'

சொந்தக் கற்பனைதான் என்று இங்கே யாரும் எழுதித் தந்ததில்லை. இசையமைப்பாளர்கூட.

"இது எதுக்கு?"

கோர்ட்னி கிர்பியைப் பார்த்தார். கிர்பி தேநீரைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. ஒரு மெயில் வந்திருக்கு. தினம் பத்து கிறுக்கு எழுதும்ல, அதுல ஒண்ணு."

"காட்டுங்க."

மிரட்டல் இல்லை. பணம் கேட்கவில்லை. லபக் என்ற ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். 'உங்கள் கேமில் விழுந்தால் வரும் மெட்டை எங்கள் அப்பா லாரி ஓட்டும்போது முனகுவார். எந்தப் பாட்டு என்று கேட்டால், பாட்டெல்லாம் இல்லை, வாயில் வருகிறது என்பார். அது உங்களிடம் எப்படி வந்தது? கேட்கலாமென்றால் அப்பா இப்போது இல்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.'

கீழே அவள் பெயர். அந்தக் குடும்பப் பெயரை நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

கேம் வெளிவருவதற்கு முன் வெளியாட்களை வரவழைத்து ஆடவைப்போம். ஆளுக்கொரு மைக். முதலில் பெயரும் பிறந்த வருடமும் சொல்ல வேண்டும். இங்கே வாயிலிருந்து வருவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொள்வோம். பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுப்பது என் வேலை.

மூன்றாவது மேசையில் ஒரு லாரிக்காரர். கேமில் அடிபட்டு விழுந்து கிடந்தார். கூட்டாளிக்கு வழி தெரியவில்லை. மற்றவர்கள் அந்த இடத்தில் கெட்ட வார்த்தை பேசுவார்கள். அவர் முனகிக்கொண்டு கிடந்தார்.

எட்டு ஸ்வரம்.

நான் அதன் அடியில் செல்லோ வாத்தியத்தை இழைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த வாரமே அது என் மெட்டு என்று ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. பிறகு இன்னொருவர் பெயரில் அது வெளிவந்தபோது வயிறு எரிந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கோர்ட்னி பேனாவை நீட்டினார். 'இசை' என்று போட்டிருந்த கோட்டில், அந்த லாரிக்காரர் மைக்கில் சொன்னதை அப்படியே எழுதினேன்.

லாயல் ஹெக்ஸ்டம், 1958.

கிர்பி தாளைப் பிடுங்கினார். "யாரு இது? ஏய் நயேலி, லூசா நீ? இதை வச்சு நம்மளை நாறடிச்சிருவாங்க. வேலை போயிரும், தெரியும்ல?"

என் இடத்தில் ஒரு நிமிடம்தான் நின்றேன். மூன்றாவது மேசைப் பதிவை நகலெடுக்க அது போதும். நாற்பத்தொரு நிமிடம். முனகல் மட்டும் இல்லை அதில். பெயர் சொல்கிறார், இருமுகிறார், யாரோ தூக்கிவிட்டதும் "நன்றிப்பா" என்று சிரிக்கிறார்.

கிர்பி பின்னால் வந்து ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நான் வெளிக்கதவைத் தள்ளினேன். லபக்குக்கு ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.