தெருநாடகத்துக்கு முதலிடம்

"இந்த வருஷ நிதி அந்தத் தெருநாடகக் குழுவுக்கே போகட்டும் டீச்சர்," என்றார் கவுன்சிலர், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே.

நகராட்சிக் கலை நிதிக்கு நடுவரான டீச்சருக்கு எரிச்சல் வந்தது. இருப்பதிலேயே நல்ல நாடகம் அதுதான். இனி முதலிடம் கொடுத்தால், சிபாரிசுக்கு மசிந்துவிட்டார் என்று ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

"உங்க சொந்தக்காரங்களா சார்?"

"அட, நீங்க வேற! அதுல வர்ற திருட்டுக் கவுன்சிலரே நான்தான். நடை, தொப்பை எல்லாம் அப்படியே!"

"அப்புறம் எதுக்கு..?"

"இப்ப தெருத்தெருவா ஆடி மானத்தை வாங்குறாங்க. கையில காசு வந்தா மைக், லைட்டுன்னு நம்ம கலையரங்கத்துக்குள்ள போயிடுவாங்க. அங்க எவன் வந்து பார்க்கப் போறான்?"

அவர் மனம் குளிர்ந்து கிளம்பியதும் டீச்சர் அந்தக் குழுவுக்கே முதலிடம் எழுதினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீழே ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: "நாடகம் தெருவில் மட்டுமே நடக்க வேண்டும்."