போயிட்டு வரேன்

“இந்தத் தடவையும் முழிச்சேன்னா, அப்புறம் அவங்க என்னைக் கூப்பிடவே மாட்டாங்க டீச்சர்.”

கோதண்டபாணி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விருத்தாசலத்து பீங்கான் கம்பெனியில் சூளை முன்னால் நின்றே பாதி ஆயுள் போன மனுஷன். அங்கேகூட இப்படி வேர்த்ததில்லை. எதிரே மேஜைமேல் லேப்டாப் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது.

“பதட்டப்படாதீங்கய்யா. வணக்கம் சொல்லுங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அவ்வளவுதான்,” என்றாள் அன்புக்கரசி.

ஜப்பான் மொழி இலவச வகுப்பு என்று தட்டி எழுதி வைத்து, பெண்ணாடத்துக்கும் மங்கலம்பேட்டைக்கும் ஸ்கூட்டியில் அலைந்து ஆள் பிடித்தவள் அவள். துபாய்க்குப் போகிற பிள்ளைக்கு ஜப்பான் எதுக்கு என்று கேட்ட வீடுகளில்கூட டீயைக் குடித்துவிட்டு, சம்மதம் வாங்காமல் எழுந்திருக்க மாட்டாள். இப்போது நர்ஸ் வேலைக்குப் படிக்கும் சர்ச் தெருப் பெண்கள், வளைகுடாக் கனவை மாற்றிக்கொண்ட பாய் வீட்டுப் பையன்கள் என்று பெஞ்சு நிறைந்துவிட்டது. அத்தனை பேரும் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்கள். அவர்கள் நடுவில் நரைத்த மீசையோடு கோதண்டபாணி வந்து உட்கார்ந்த அன்றைக்கு வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. இந்த வயசில் இவரை யார் எடுக்கப் போகிறார்கள் என்று காதுபடவே பேசினார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை.

பாஷைதான் பிடிபடவில்லை. வணக்கத்துக்கு ‘கொன்னிச்சிவா’ என்று சொல்ல வேண்டும். பழமலைநாதர் சிவன் கோயில் ஊர்க்காரருக்கு அதில் சிவா மட்டும்தான் மண்டையில் ஏறியது. உருப்படியாக நாக்கில் ஒட்டியது ஒன்றே ஒன்று. ‘இத்தே கிமாஸ்’. போயிட்டு வரேன் என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களும் வீட்டிலிருந்து கிளம்பும்போது வெறுமனே போறேன் என்று சொல்ல மாட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து சூளையடியில் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“அத மட்டும் இன்னைக்கு வாயில எடுத்துடாதீங்க,” என்று அன்புக்கரசி எச்சரித்தாள். “போன்ல சொல்ற வார்த்தை இல்ல அது. ஒரே வூட்ல இருக்கறவங்க, வாசப்படி தாண்டறப்ப சொல்றது. வூட்டாளுங்களும் ‘இத்தெராஷாய்’னு பதில் சொல்வாங்க. போயிட்டு வாங்கன்னு அர்த்தம். வேற யாருக்கும் அத சொல்ல மாட்டாங்க.”

“போன தடவ என்ன கேட்டாங்கன்னே புரியல டீச்சர். பேய்முழி முழிச்சேன். கொஞ்ச நேரம் பார்த்தாங்க, எழுந்து போயிட்டாங்க.”

அன்றைக்கு அந்தக் காலி நாற்காலியை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அதற்கு மறுநாள்தான் இந்த வகுப்பைத் தேடி வந்தார்.

லேப்டாப் மணி அடித்தது. பெஞ்சில் பேச்சு நின்றது. கோதண்டபாணி சட்டைக் காலரை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். திரையில் வெளிச்சம் வந்ததும், ராத்திரி பகலாக மனப்பாடம் செய்ததெல்லாம், சிவா உட்பட, மொத்தமாகக் கழன்றுகொண்டது.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. புரியவில்லை. மறுபடியும் அதே கேள்வி வந்தது. அங்கே நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் அவர் திரையை நோக்கிக் குனிந்தார்.

“இத்தே கிமாஸ்,” என்றார் அவசரமாக.

அன்புக்கரசி தலையில் கை வைத்துக்கொண்டாள். பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எல்லாம் போச்சு என்று கோதண்டபாணி கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

“இத்தெராஷாய், தாத்தா!”

திரையில், நாற்காலிமேல் ஏறி நின்று பொம்மையோடு சேர்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், ஒசாகாவிலேயே பிறந்து வளர்ந்த, தமிழில் தாத்தா என்ற ஒரு வார்த்தை மட்டும் தெரிந்த அவருடைய நாலு வயசுப் பேத்தி.