சக்கரம்தான், வேறொன்றுமில்லை

ஸ்டியரிங் மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது.

தோமோயே அதை இறுக்கிப் பிடித்தாள். சக்கரம்தான், வேறொன்றுமில்லை என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

சாலை துறைமுகத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே, கடற்பாசி வேகவைக்கும் கொட்டகையில் கணவன் செய்ஜி வேலை முடித்துக் காத்திருப்பான். பின்சீட்டில் மகள் மிவா, பெல்ட் மாட்டிய குழந்தை இருக்கையில், பாதி தின்ற சோற்றுருண்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மாதமாக இதே தொல்லை. நடுக்கம் வரும், போகும். மெக்கானிக் ஓய்கவா ஏறி உட்கார்ந்தால் மட்டும் கார் பரம சாதுவாக ஓடும்.

அந்தக் கடற்கரையில் பிறந்தவளுக்குக் காலடியில் எது ஆடினாலும் ஒரே நினைப்புதான். பூமி ஆடினால் பின்னாலேயே கடல் வரும்.

கார் முதன்முதலாக நடுங்கிய அன்று வண்டியை அப்படியே மேட்டுக்கு ஏற்றி, கோயில் வாசலில் நிறுத்தி, குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த தடவையும் அப்படியே. கடல் வரவில்லை. மானம் போனதுதான் மிச்சம். மீன்கடைக்காரி இன்றைக்கும் அவளைக் கண்டால், "என்னடி, இன்னைக்கு மலையேறலையா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

அதோடு மேட்டுக்கு ஓடுவதை அவள் விட்டுவிட்டாள்.

செய்ஜி மட்டும் சிரிக்கவில்லை. அவன் அப்பாவையும் அண்ணனையும் கடல் ஒரே நாளில் கொண்டுபோயிருந்தது. ஒருவரை ஒருவர் தேடிக் கீழே இறங்கியவர்கள். கல்யாணமான அன்றே அவளிடம் சொல்லிவிட்டான்: "ஆட்டம் வந்தா நீ என்னைத் தேடி வரக்கூடாது. நானும் உன்னைத் தேடி வரமாட்டேன். அவங்கவங்க மேட்டுக்கு ஓடிடணும்." அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இதே கட்டளைதான்.

போன வாரம் ஓய்கவா அவள் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுப் போனார். "பயந்து சாகாதம்மா. ஆடுறப்போ ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடு. ஆட்டம் அடங்கிட்டா சக்கரம். அடங்கலைன்னா நியூட்ரல்ல போடு, அப்ப அடங்கினா இன்ஜின். பிரேக் மிதிக்கிறப்ப மட்டும் ஆடுச்சுன்னா பிரேக் தட்டு. இதுல ஒண்ணாத்தான் இருக்கணும். வேற வழியே கிடையாது."

தோமோயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

வேகம் குறைந்தது. நடுக்கம் குறையவில்லை.

அப்படியானால் இன்ஜின். நியூட்ரலில் போட்டாள். ஆட்டம் அடங்குவதாக இல்லை. கதவுகள் கடகடவென்றன.

பிரேக்கை மிதித்தாள். மிதித்தாலும் ஆடியது, விட்டாலும் ஆடியது.

சாலையோரத்து மின்கம்பிகள் மேலும் கீழுமாக அசைந்தன. கடற்காற்று என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளாவிட்டால் கத்தியிருப்பாள்.

செய்ஜியிடம் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது. கைபேசிக்குக் கை நீட்டினாள். வழக்கமான இடத்தில் அது இல்லை. பயம் வந்தால் முன்கண்ணாடியில் தொங்கும் துணிமுயலைத் தொட்டுக்கொள்வாள். அதையும் காணோம். பாழாய்ப்போன இந்த நடுக்கத்தில் எல்லாம் அறுந்து எங்கேயோ விழுந்திருக்கும்.

மேட்டுக்குப் பிரியும் சாலை வலப்பக்கம் தெரிந்தது.

திரும்பிவிடலாமா?

மீன்கடைக்காரியின் இளிப்பு கண்முன் வந்தது. சே, இன்னொரு தடவை ஊர் வாயில் விழ முடியாது. சக்கரம்தான். தோமோயே மறுபடி கியரைப் போட்டு நேராகவே விட்டாள்.

பின்னாலிருந்து மிவா கைதட்டிச் சிரித்தாள்.

"அம்மா! இந்தக் காரும் நம்ம கார் மாதிரியே ஆடுது!"

நம்ம கார்.

நம்ம காரைக் காலையில்தான் ஓய்கவாவிடம் விட்டுவிட்டு வந்தாள். நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டு, பட்டறையில் அது அந்தரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. துணிமுயலும் கைபேசியும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. இது வேலை முடியும்வரை ஓட்டிக்கொள்ளச் சொல்லி ஓய்கவா கொடுத்த வண்டி. அதே வெள்ளை, அதே சின்ன உடம்பு. அலுங்காமல் குலுங்காமல் போகும் என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். காலையிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டும் இருந்தது.

கீழே கொட்டகையின் நீலத் தகரக் கூரை தெரிந்தது. அதற்கு அப்பால் கடல்.

தோமோயே ஸ்டியரிங்கை ஒடித்து, தாண்டி வந்த மேட்டுச் சாலைக்கே திரும்பினாள்.

மிவா எக்கிப் பின்கண்ணாடி வழியே பார்த்தாள்.

"அம்மா, அப்பா கீழதானே இருக்காரு?"

தோமோயே ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தாள்.