ஒலியியல், கடைசி ஸ்லைடு

எழுந்தேன். மோட்டார் போட்டேன். முட்டையை வேக வைத்தேன். மாடித் தொட்டி வழிந்ததும் மோட்டாரை நிறுத்தினேன்.

முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். சிதம்பரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் உரித்துச் சாப்பிடுவேன். அலுவலகம் அங்கேதான்.

“முட்ட வாசனையோட ஆபீஸ் போற ஒரே ஆளு நீதான் மச்சான்” என்பாள் என் மனைவி அல்மாஸ். சொல்லிக்கொண்டே சுற்றித் தருவாள்.

இப்போது நானே சுற்றிக்கொள்கிறேன்.

கிளம்பும் நேரத்தில் இளவரசி போன் செய்தாள். அல்மாஸிடம் பத்தாம் வகுப்பில் அறிவியல் படித்துவந்த பெண்.

“சார், மிஸ் கொரலே வரல சார். படம் மட்டுந்தான் ஓடுது. பரீட்ச வருது சார்.”

பையைக் கீழே வைத்தேன்.

அல்மாஸ் ஸ்லைடுகளில் குரல் பதிந்து முடித்திருந்த கடைசிப் பாடத்தை நேற்று நான்தான் வீடியோவாக மாற்றி அவள் சேனலில் போட்டேன். மாற்றும்போது மடிக்கணினி ஒரு கேள்வி கேட்கும். பதிந்த குரலோடு வேண்டுமா, குரல் இல்லாமலா. படிக்காமல் அழுத்திவிட்டேன். போட்டுப் பார்க்கவும் இல்லை. அவள் இறந்த பிறகு அந்தக் கணினியின் ஒலியை நான் திறக்கவே இல்லை.

வீடியோவின் கீழே அவளைத் தெரியாத யாரோ எழுதியிருந்தார்கள். ‘ஒலியியல் பாடத்துல ஒலிய காணோமே மிஸ்.’

சிரிப்பு வந்தது. அவளாக இருந்தால் சத்தமாகச் சிரித்திருப்பாள்.

அவள் வகுப்பில் பாதிப் பேர் தேவனாம்பட்டினம் பிள்ளைகள். வீட்டுக்கு ஒரு போன். அதுவும் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். நேரலையில் வகுப்பு எடுத்தால் யார் பார்ப்பது? போன் கரைக்கு வந்த பிறகு பார்க்கட்டும் என்றுதான் வீடியோ. ஸ்லைடாகவே அனுப்பிப் பார்த்தாள். அந்தப் போன்களில் தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. வீடியோவில் உடையாது.

எழுத்தைக் கட்டைவிரல் அகலத்துக்கு வைப்பாள். கீறல் விழுந்த திரையிலும் தெரிய வேண்டும்.

ஸ்லைடு மாறுகிற நொடியில் பேசினால் பதிவாகாது. முதல் பாடத்தில் அப்படிப் பல சொற்கள் போயின. அடுத்த பாடத்துக்குள் பழகிக்கொண்டாள். சொல்ல வேண்டியதை முடிப்பாள். வாயை மூடுவாள். ஒரு மூச்சு விடுவாள். பிறகுதான் மாற்றுவாள்.

எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூரில், தண்டவாளத்துக்குப் பக்கம். ரயில் வந்தால் பதிவை நிறுத்திவிட்டு, போகும்வரை காத்திருப்பாள். ஒலியியலுக்கு மட்டும் தலைகீழாகச் செய்தாள். ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் அதன் கூவல் எப்படி மாறுகிறது என்பதைக் கடைசி ஸ்லைடில் காட்ட வேண்டும். படம் போதாது, நம் ஊர் ரயிலே வேண்டும் என்றாள். பல காலைகள் மைக்கை ஜன்னலில் கட்டிக் காத்திருந்தாள். ஒரு நாள் ரயில் தாமதம். ஒரு நாள் கோலமாவுக்காரர். ஒரு நாள் கூவாமலே போனது.

அந்தக் காலை நான் கிளம்பும்போது அறைக்குள் பேசிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பேச்சை நிறுத்தாமல் உள்ளங்கையைக் காட்டினாள். நானும் கை காட்டினேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். நான் தெருமுனைக்கு வந்தபோது ரயில் கூவிக்கொண்டு கடந்தது. இன்றைக்கு அவளுக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே பேருந்து ஏறினேன்.

பள்ளிக்குக் கிளம்பும் முன்னே சமையலறையில் விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாம். பக்கத்து வீட்டு மங்கலம் அக்கா வந்து பார்த்தபோது பேச்சு இல்லை. அதன் பிறகும் இல்லை.

“கடைசியா ஒங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா மாப்ள?” என்று மாமி கேட்டார். அடக்கம் முடிந்த அன்று கேட்டார். போன வாரமும் கேட்டார்.

இரண்டு முறையும் உள்ளங்கையை மட்டும் காட்டினேன்.

ஒலியைத் திறந்தேன். இந்த முறை படித்து அழுத்தினேன். மாறி முடிந்ததும் போட்டுக் கேட்டேன்.

குரல் இருந்தது. சொல் முடிந்தது, மூச்சு, அடுத்த ஸ்லைடு. ஒரு சொல்கூட வீணாகவில்லை.

கடைசி ஸ்லைடில் ரயில் வந்தது. கூர்மையாக வந்து, தணிந்து போனது.

“கேட்டீங்களா புள்ளைங்களா? வரும்போது ஒரு சத்தம், போவும்போது ஒரு சத்தம். வண்டி அதே வண்டிதான்.”

வாயை மூடினாள். மூச்சு விட்டாள்.

அதற்குப் பின் மாற்ற ஸ்லைடு இல்லை. நிறுத்துகிறவரை மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாலை எப்போதும் அவளே பிறகு உட்கார்ந்து வெட்டுவாள். இதை வெட்ட அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

நாற்காலி நகர்ந்தது. காலடி வாசல் பக்கம் போனது.

நான் வெட்டவில்லை. அப்படியே சேனலில் ஏற்றினேன். இளவரசிக்கு அனுப்பினேன். மாமிக்கும் அனுப்பினேன்.

வாலில் இருந்தது இவ்வளவுதான்.

“மச்சான், போயிட்டியா? நில்லுன்னுதான கை காட்டுனேன். முட்டய வெச்சிட்டுப் போறியே.”