கையெழுத்துப் போட ஒரு பேனா

"அண்ணி, பேனா இருக்கா?"

வேலை போன முகத்தோடு வந்து நின்ற நாத்தனார் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

அண்ணிக்காரியும் நாத்தனாரும் ஒரே மேஜை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிக்கிற ஜோடி அவர்கள். அந்தச் சலவைக் கம்பெனியில் அவர்கள் மடித்த விரிப்பில் ஒரு சுருக்கம் காட்டிவிட முடியாது. இப்போது மடிப்பதற்கு மெஷின் வருகிறதாம். மடிப்புப் பிரிவு மொத்தமும் ஒவ்வொருவராக சூப்பர்வைசர் அறைக்குப் போக வேண்டுமாம். நாத்தனார் விக்கி விக்கி இவ்வளவும் சொல்லி முடித்தாள்.

"அதுக்கு எதுக்குடி பேனா?"

"கையெழுத்துப் போடணுமாம். சார்கிட்ட பேனா இல்லையாம். தாளை எடுத்துக்கிட்டு வெளிய போய் யார்கிட்டயாவது கேட்டு வாங்கிட்டு வான்னுட்டார்."

தாள் அவள் கையில் கசங்கிக் கிடந்தது. அழுகிற அழுகையில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பர்வைசருக்கு அங்கே கஞ்சி என்று பெயர். சட்டையும் விறைப்பு, ஆளும் விறைப்பு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. அது அவர் பாடு. ஆனால் ஆளை வீட்டுக்கு அனுப்புகிற மனுஷன் ஒரு பேனா வாங்கி வைக்க மாட்டாரா? அழுகிற பெண்ணை, கூடமே வேடிக்கை பார்க்க, பேனாவுக்குக் கையேந்த விடுவாரா?

இஸ்திரி போடுகிறவர் வம்பு வேண்டாம் என்றார். அவள் எங்கே கேட்டாள்? லாரி டிரைவர் காதில் செருகியிருந்த பேனாவை உருவிக்கொண்டு நேராக உள்ளே போனாள். அடுத்தது அவள் முறைதான்.

பேனாவை மேஜைமேல் டக்கென்று வைத்தாள்.

"இந்தாங்க சார். எங்க போடணும்னு காட்டுங்க. போட்டுத் தொலைச்சிட்டுப் போறேன்."

கஞ்சி அதைத் தொடக்கூட இல்லை.

"இது எழுதாது."

"நல்லா எழுதும் சார். இப்பதான் டிரைவர் எழுதிட்டிருந்தார்."

"எழுதாதுன்னா எழுதாது. உன் தாளை எடுத்துக்கிட்டு வெளிய போம்மா. நல்ல பேனாவா பார்த்து நிதானமா வா. கதவு திறந்தே இருக்கட்டும்."

அவள் வெளியே வந்து, கஞ்சி என்ன கஞ்சி, அது கருங்கல் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

டிரைவர் பேனாவை வாங்கி உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். ஜம்மென்று எழுதியது. அப்புறம் என்னதான் இருக்கிறது என்று தாளை வாங்கினார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

என் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், கம்பெனி எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அவ்வளவுதான் தாளில் இருந்த விஷயம்.

"இதுல கையெழுத்துப் போட்டா செட்டில்மென்ட் அம்போதான்மா. நீங்களா போனதா ஆயிடும்."

அண்ணிக்காரி நாத்தனார் கையிலிருந்த தாளையும் பிடுங்கினாள்.

"கண்ணைத் துடை. நானும் போடல, நீயும் போடல. நம்ம பணத்தை எடுத்து வெச்சிட்டு முதலாளியே வந்து பேசட்டும்."

பேச்சு மேஜைக்கு மேஜை பரவியது. விரிப்புகள் பாதி மடிப்பில் நின்றன. யாரும் போடுவதாக இல்லை.

அப்போதுதான் கஞ்சியின் போன் அடித்தது. முதலாளி குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, திறந்த கதவு போதும். கூடம் முழுக்கக் கேட்டது.

"ஒரு கையெழுத்துகூட வரலையா? காலையில உனக்கு என்னய்யா சொன்னேன்? கதவைச் சாத்திக்கிட்டு, யாரையும் தாளோட வெளிய விடாம, அவங்க படிச்சுப் பார்க்கறதுக்குள்ள வாங்கிடுன்னு சொன்னேனா இல்லையா?"