நெஞ்சு உயரத்தில் ஒரு வண்டி

பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் மேடையோடு பைக் மெல்ல எழுந்தது.

முன்சக்கரத்தைக் கவ்வியிருந்த இரும்புப் பிடி ஆடவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. எஞ்சின் நெஞ்சுக்கு நேராக வந்ததும் விரலை எடுத்தான்.

நின்றது. அவன் கேட்ட இடத்தில் நின்றது.

"ஏனுங்க, சரியா வந்திருச்சுங்களா?" என்றாள் அவன் மனைவி கோகிலாமணி.

தலையாட்டினான். எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் அவன் பல் தெரிந்தது.

இருபத்திரண்டு வருடம் மெக்கானிக்காக இருந்தவன் சென்னியப்பன். எந்த வண்டியையும் ஒற்றை ஆளாகத் தூக்கி ஸ்டாண்டு போடுவான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போனவன் பின்பக்கமாக விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு எதுவும் மிச்சமில்லை.

கைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

நினைப்பு முழுக்க அதிலேயே ஓடியது. கை இருக்கிறது. வண்டியை மட்டும் எதுவாவது உயர்த்திக் கொடுத்தால் போதும்.

படுக்கையில் கிடந்தபடி லிஃப்டுகளைப் பார்க்க ஆரம்பித்தான். ஃபோனில் வீடியோ வீடியோவாக. எஞ்சினுக்கு அடியில் கொடுத்துத் தூக்குகிற ஜாக்கி சரிவராது. வண்டி ஆடும், பிடிக்க ஆள் வேண்டும். மேடை மாதிரி வண்டியை அப்படியே தூக்குவது ஒன்று நன்றாக இருந்தது. விற்பவனைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"ஒண்ணும் சிரமமே இல்ல சார். காலால பத்து மிதி மிதிச்சீங்கன்னா போதும், மேல வந்துரும்."

அழைப்பைத் துண்டித்தான். அன்று முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

பிறகுதான் கரண்டில் ஓடுவது, கையில் பொத்தான் உள்ளது என்று முடிவானது. வீட்டை ஒட்டிய ஷெட்டைக் கோகிலாமணியை அளக்கச் சொன்னான். கதவை அளந்தாள். லிஃப்ட் எவ்வளவு எடை தாங்கும், எவ்வளவு தாழ இறங்கும், நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் நெஞ்சு தரையிலிருந்து எத்தனை அங்குலம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான்.

இப்போது மேடையில் நின்ற முதல் வண்டி, பால் ஊற்றும் மயில்சாமியுடையது. கிளட்ச் பிளேட் தேய்ந்துபோயிருந்தது. காலையில் மயில்சாமியும் கோகிலாமணியுமாகத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். மத்தியானப் பாலுக்கு வண்டி வேண்டும் என்று சொல்லிவிட்டு அவன் போயிருந்தான்.

ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் நாற்காலியின் சக்கரங்களை முன்னால் உருட்டினான்.

டங்.

நாற்காலி நின்றுவிட்டது. குனிந்து பார்த்தான். அவன் பாதங்களை வைத்திருந்த பலகை லிஃப்டின் அடிச்சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கும் அவன் விரல்நுனிக்கும் நடுவே ஒரு முழம்.

பின்னால் போய் மறுபடி வந்தான்.

டங்.

எல்லாவற்றையும் அளந்தவன் தன் பாதங்களை அளக்கவில்லை. அவை தனக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

பக்கவாட்டில் ஒட்டி நிறுத்திப் பார்த்தான். கை எட்டியது. போல்ட்டில் ஸ்பானரை மாட்டி அழுத்தினான். போல்ட் அசையவில்லை. அவன்தான் சரிந்தான். கோகிலாமணி ஓடிவந்து தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். இடுப்பைத் துண்டால் நாற்காலியோடு கட்டச் சொன்னான். கட்டினாள். அழுத்தியதும் நாற்காலியே ஒரு சக்கரத்தில் எழும்பியது.

நாலாவது தடவைக்குப் பிறகு அவன் கையை நீட்டவில்லை.

ஷெட்டின் தகரம் வெயிலில் படபடத்தது.

அவள் அவன் மடியிலிருந்து ஸ்பானரை எடுத்தாள்.

"எந்தப் பக்கம் திருப்போணுங்க?"

அவள் கையிலிருந்த ஸ்பானரையே பார்த்தான். பிறகு சொன்னான்.

ஆயிலை வடித்தாள். மூடியைக் கழற்றினாள். பதினெட்டு வருடம் தையல் மெஷினில் பழகிய விரல்கள். முதலில் ஒவ்வொன்றுக்கும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஸ்பிரிங்குகளைக் கழற்றும்போது பார்க்கவில்லை. போல்ட்டுகளை ஓர் அட்டையில், வண்டியில் இருந்த வரிசைப்படியே குத்தி வைத்தாள்.

அதை அவன் சொல்லித் தரவில்லை.

புது பிளேட்டுகளை ஆயிலில் நனைத்து அடுக்கினாள். கடைசி போல்ட்டை இறுக்கும்போது, "போதும், போதும்" என்றான்.

அவள் ஏற்கெனவே நிறுத்தியிருந்தாள்.

மேடையை இறக்க மட்டும் பொத்தானை அவனிடம் நீட்டினாள். இறக்கினான். வண்டியை அவளே உருட்டி வெளியே நிறுத்தினாள்.

வாசலில் மயில்சாமியின் குரல் கேட்டது.

அவள் திரும்பி அவன் கைகளைப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தது மாதிரி சுத்தமாக மடியில் கிடந்தன. சட்டென்று கிட்டே வந்து, ஆயிலில் கறுத்த தன் உள்ளங்கைகளால் அவற்றைப் பிடித்து அழுத்தித் தேய்த்தாள். விரல்கள், புறங்கை, மணிக்கட்டு வரை. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

மயில்சாமி வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"அண்ணா, உங்க கை இன்னும் அப்படியேதானுங்ணா இருக்குது! அடுத்த வாரம் எங்க மச்சான் வண்டியையும் கொண்டாரச் சொல்றனுங்க."

சென்னியப்பன் சிரித்தான். கறுத்த கைகளை மடியிலேயே வைத்திருந்தான்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் அவள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து இருவருக்கும் நடுவே வைத்தாள்.

அவன் கைகள் ஒரே தண்ணீரில் வெளுத்துவிட்டன.

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.