சென்த்தோவா, அஸ்கோல்த்தோவா?

"இன்னொரு தடவை சொல்லுங்க. 'அஸ்கோல்த்தோ'ன்னா என்ன?"

இத்தாலி ஆஸ்பத்திரியில், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்த தச்சருக்கு நேரெதிரே உட்கார்ந்து மனைவி கேட்டாள்.

"காது கொடுத்துக் கேட்கிறேன்."

"'சென்த்தோ'?"

"காதுல விழுது. ரெண்டும் ஒண்ணுதானேடி?"

"எப்படி ஒண்ணாகும்? முன்னெல்லாம் நான் பேசப் பேச நீங்க பேப்பர் படிப்பீங்களே, அது வெறும் சென்த்தோ! உள்ளே இருக்கிற டாக்டரம்மாவுக்கு இத்தாலியன் தவிர வேற பாஷை தெரியாது. சத்தம் கேட்டா 'சென்த்தோ'ன்னு சொல்லணும், மாத்திச் சொல்லிடாதீங்க."

கதவு திறந்தது; இருவரும் உள்ளே போனார்கள். ஆபரேஷன் தழும்பு ஆறியிருந்த அவருடைய காதுக்குப் பின்னால் டாக்டர் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தினார். விஷக் காய்ச்சல் காதைப் பறித்த நாளிலிருந்து, தச்சர் மனைவியின் உதட்டசைவைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொண்டு வந்தவர். டாக்டர் அவளை அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கருவியை இயக்கினார்.

"என்னங்க..." என்றாள் அவள், மெல்ல.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் தச்சர். படித்த இத்தாலியன் அத்தனையும் பறந்துபோயிருந்தது.

"டாக்டரம்மா, கூப்பிடுறா! என் பொண்டாட்டி என்னைக் கூப்பிடுறா!"

ஒரு வார்த்தையும் புரியாத டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டே கைதட்டினார்.